மாதிரி வளவு

கல்முனைக் கரையில் வீடு உடைக்கிறவன் உடைத்த கல்லை எங்கே கொட்டுவதென்று யோசித்ததாகச் சரித்திரம் இல்லை. யோசிக்க விடமாட்டார்கள். கடலுக்கும் வயலுக்கும் இடையில் நீளமாகக் கிடக்கிற இந்தத் தரையில் பாதிக் காணி பள்ளம். மாரி பிறந்தால் முற்றத்திலேயே தவளை கத்தும். அதனால் ஒருவன் சுவரில் சுத்தியலை வைப்பதற்கு முன்பே பள்ளக்காணிக்காரன் ஒருவன் வந்து கல்லுக்குச் சொல்லிவைத்துவிடுவான். சொல்லிவைத்த கல்லை வேறு ஆளுக்குக் கொடுத்தால் பிறகு அவன் முகத்தில் விழிக்க முடியாது. செங்கல் துண்டு, பூச்சுக் காரை, ஓட்டு உடைசல் எல்லாம் ஒரே நாளில் யாரோ ஒருவருடைய பள்ளத்துக்குள் போய் முற்றமாகிவிடும்.

உலகம் முழுக்கக் கட்டடக் கழிவு ஒரு பெரிய தலையிடி என்று கேள்வி. நான் மறுக்கவில்லை. அந்தத் தலையிடியைத் தீர்ப்பதற்கு எங்கள் ஊருக்கும் ஓர் அலகை அனுப்பினார்கள். கட்டடக் கழிவுக் குறைப்பு முகாமைத்துவ அலகு என்று பெயர். மாடிக் கட்டடம், குளிரூட்டிய அறைகள், டபுள்கெப் வாகனம், ஒரு பணிப்பாளர், கள உத்தியோகத்தர்கள், மஞ்சள் அங்கிகள், தலைக்கவசங்கள், உருண்டை உருண்டையாகச் சிவப்பு வெள்ளை நாடா. எல்லாம் வந்து இறங்கிய பிறகுதான் ஒரு குறை தெரிந்தது. ஊரில் கழிவு இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்துவைத்தவர் ஜவுபர்.

ஜவுபர் பெரிய ஆள் இல்லை. சந்தைக்குப் பக்கத்தில் தையல் மெஷின் திருத்துகிறவர். ஒரே மகள் நப்லாவுக்குச் சாய்ந்தமருதில் அர்ஹம் என்ற மாப்பிள்ளை பேசி முற்றாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் மகளைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீட்டைக் கட்டிக் கொடுப்பது. மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில்தான் குடியிருப்பார். பெற்றவர்கள் சமையல் செய்கிற குசினிப் பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். வீடு எழும்பாமல் நிக்காஹ் இல்லை. ஆகவே ஜவுபர் முன்னால் வெறுமையாகக் கிடந்த நிலத்தில் மகளுக்குப் புது வீட்டின் அத்திவாரத்தைப் போட்டுவிட்டு, மீதி இடத்துக்காகப் பழைய முன்வீட்டை உடைத்தார். அவரும் மனைவி ஜெனூபாவும் மகளும் பின்னால் தனியாக நின்ற குசினிக்குள் போய்ப் படுத்தார்கள். மாரிக்கு முதல் கூரை, மாரி முடிய நிக்காஹ். அப்படித்தான் பேச்சு.

கல்லுக்குச் சொல்லிவைத்திருந்தவர் வேலிக்கு அந்தப் பக்கம் பின்வளவுக் கனகரெத்தினம். கடல் தொழில் செய்கிற மனிதர், மனைவி இராசாத்தியோடு இருந்தார். அவருடைய காணி ஊரிலேயே பள்ளமான காணி. நப்லாவுக்கு மாப்பிள்ளை பேசுகிற சங்கதி காதில் விழுந்த அன்றே வந்து வேலியில் நின்றார்.

"தம்பி, மகளுக்குச் சரிவந்தா முன்வீட்ட உடைப்பீங்கதானே. அந்தக் கல்ல எனக்குத் தாங்க. இராசாத்தி ஒவ்வொரு மாரிக்கும் அடுப்பத் தூக்கிக்கொண்டு திரியிறா."

"தந்தன் அண்ணன். வேற ஆரு கேட்டாலும் இல்ல."

அந்தச் சொல்லோடு கல் கனகரெத்தினத்துடையதாகிவிட்டது.

வீடு உடைத்து முடிந்த காலையில் அவர் டிராக்டரும் பின்னால் இழுவைப் பெட்டியுமாக வந்து நின்றார். முதல் கூடை பெட்டிக்குள் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் அலகின் டபுள்கெப் வந்து குறுக்கே நின்றது. இறங்கியவர் கள உத்தியோகத்தர் றிப்தி. நல்ல இளைஞன். ஸலாம் சொன்னான். ஊர் முறைப்படி அண்ணன் வயதுக்காரரைக் காக்கா, அக்கா வயதுக்காரியைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வளவுக்குள் வந்தான். குவியலைப் பார்த்ததும் அவன் முகத்தில் காணாமல்போன பொருளைக் கண்டெடுத்தவனின் களை வந்தது.

"காக்கா, இதென்ன?"

"கல்லு, சேர். உடைச்ச கல்லு."

"கல்லு எண்டு சொல்லாதீங்க. கழிவு."

"கழிவில்ல சேர். அண்ணனுக்குச் சொன்ன கல்லு. இப்ப ஏத்தப் போறார்."

"ஏத்தேலா. குறைக்காத கழிவ வளவுக்கு வெளியில கொண்டுபோகேலா. சட்டம்."

ஜவுபர் யோசித்தார். "அவர் ஏத்திக்கிட்டுப் போனா குறைஞ்சிரும்தானே சேர்?"

றிப்தி இரக்கத்தோடு அவரைப் பார்த்தான். "அது இடம் மாறுற காக்கா. குறையிற இல்ல. குறைக்கிறதுக்கு நாங்க இரிக்கம்."

டிராக்டர் வெறும் பெட்டியோடு திரும்பியது. முதல் கூடையைக்கூடத் திருப்பிக் கொட்ட வைத்தார்கள். குவியலைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டினார்கள். கனகரெத்தினம் கோபிக்கவில்லை. அரசாங்கம் என்றால் ரெண்டு நாள் பிந்தும், மாரிக்கு இன்னும் காலம் கிடக்குது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு பணிப்பாளர் வந்தார். ஜெனூபா பலகாரத் தட்டை நீட்ட, ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, குவியலைச் சுற்றி மெதுவாக நடந்தார். அவர் பின்னால் பத்துப் பேர் நடந்தார்கள். சுற்றி வந்து முடித்ததும் அவருக்கு மனம் நிறைந்து போயிற்று. அங்கேயே பேசத் தொடங்கினார்.

"இந்த ஊரில் ஒரு பாரதூரமான பழக்கம் இருக்கிறது. பொதுமக்கள் எங்களிடம் சொல்லாமலே கழிவைத் தீர்த்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு உடைக்கிறார்கள், நாளைக்குப் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. எங்கள் உத்தியோகத்தர்கள் வெயிலில் வாகனம் ஓடி வெறுங்கையோடு திரும்புகிறார்கள். இது பெரிய ஒழுங்கீனம். குறைப்பதற்கு ஒன்றும் இல்லாத ஊரில் ஒரு குறைப்பு அலகு எப்படி வளர முடியும்? நீங்களே சொல்லுங்கள்."

தன்னைத்தான் கேட்கிறார் என்று ஜவுபருக்குச் சற்றுப் பிந்தித்தான் விளங்கியது. "கஷ்டம்தான் சேர்," என்றார்.

"இந்த வளவு இன்று முதல் மாதிரி வளவு. ஆனால் ஒரு சிக்கல். இந்தக் குவியல் இடுப்பளவுதான் நிற்கிறது. இடுப்பளவிலிருந்து எதைக் குறைப்பது? நாங்கள் நன்றாகக் குறைத்தோம் என்று யார் நம்புவார்கள்? குறைப்புக்கு முதலில் உயரம் வேண்டும்."

அவர் கண் காட்ட, றிப்தி ஏணி வைத்து ஏறினான். குசினிச் சுவரில், ஜன்னலுக்கு மேலே, ஏறக்குறைய கூரைக்குக் கிட்டச் சிவப்புப் பெயின்டால் நேராக ஒரு கோடு இழுத்தான். அது ஆரம்ப உயரம் என்று பெயர் பெற்றது. குவியல் முதலில் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். பிறகு அங்கிருந்து குறைப்பார்கள்.

ஜெனூபா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "தம்பி, இது என்னத்துக்கு எங்கட சுவத்தில?"

"ஒண்டுமில்ல தாத்தா," என்றான் றிப்தி. "சும்மா ஒரு அடையாளத்துக்கு."

அலகின் லொறிகள் வரத் தொடங்கின. அக்கரைப்பற்றிலிருந்து வந்தன. ஆலையடிவேம்பிலிருந்து வந்தன. பொத்துவிலில் ஹோட்டல் ஒன்றை உடைத்த இடத்திலிருந்து நீலநிறக் குளியலறை ஓடுகளோடு வந்தன. ஒவ்வொரு லோட்டும் அந்தந்த ஊரில் யாரோ ஒரு பள்ளக்காணிக்காரனுக்குச் சொல்லிவைத்த கல். பின்னாலேயே சைக்கிளில் வந்து, கொட்டுவதைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர்களையும் கண்டேன். குவியல் நாடாவைத் தாண்டியது. நாடாவை அவிழ்த்து இன்னும் தள்ளிக் கட்டினார்கள். குவியல் அதையும் தாண்டியது. ஒரு காலை மேசன் அஸ்பாக் சீமெந்துக் கரண்டியோடு வந்து வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜவுபரிடம் சொன்னான்.

"காக்கா, அத்திவாரத்தக் காணல்ல. காணக் கிடைச்சா சொல்லியனுப்புங்க."

குவியல் கோட்டைத் தொட்ட பிறகு திறப்பு விழா வைத்தார்கள். பெயர்க்கல் நாட்டுவதற்குக் கொங்கிறீட்டில் பீடம் கட்டினார்கள். கட்டி முடிந்த பிறகு பார்த்தால் பெயர்க்கல் குவியலைப் பார்த்து நிற்கிறது, வருகிறவர்களுக்கு முதுகு காட்டுகிறது. உடைத்தார்கள். திரும்பக் கட்டினார்கள். இந்த முறை அது வெயிலைப் பார்த்து நின்று படம் எடுக்கத் தோதில்லை என்றார்கள். அதையும் உடைத்தார்கள். உடைத்த பீடங்கள் இரண்டும் குவியலில் சேர்ந்தபோது உத்தியோகத்தர்கள் கைதட்டினார்கள். அலகே நேரடியாக உற்பத்தி செய்த முதல் கழிவு அதுதான்.

விழாவில் பணிப்பாளர் பேசியது இன்னும் என் காதுக்குள் இருக்கிறது.

"சிலர் கேட்கிறார்கள், எப்போது குறைப்பீர்கள் என்று. அவசரம் கூடாது. ஒரு பிரச்சினையைத் தீர்ப்பதற்கு முதலில் அதை வளர்த்தெடுக்க வேண்டும், பாதுகாக்க வேண்டும், பத்துப் பேர் வந்து பார்க்கிற மாதிரி வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தீர்த்துவிட்டால் நாளைக்கு இத்தனை இளைஞர்களின் உத்தியோகம் என்னாவது?"

முன்வரிசை தலையாட்டியது. ஜவுபருக்கு மஞ்சள் அங்கி போட்டு, தலைக்கவசம் வைத்து, ஒரு வசனம் சொல்லிக்கொடுத்து மேடையில் ஏற்றினார்கள். "இந்த அலகு என் வளவுக்கு வந்த பிறகு என் வாழ்க்கையே மாறிவிட்டது," என்று அவர் சொன்னார். அன்றைக்கு அந்த மேடையில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். விழா முடிந்து வாகனங்கள் போன பிறகு சோற்றுப் பார்சல் கடதாசியும் தண்ணீர்ப் போத்தலும் முழங்கால் அளவு கிடந்தன. அது கட்டடக் கழிவு இல்லையாம், அதற்கு வேறு அலகு இருக்கிறதாம். ஜெனூபாவும் நப்லாவும் இருட்டும்வரை பொறுக்கினார்கள்.

பிறகு மாரி பிறந்தது.

குவியல் குசினி ஜன்னலை மூடியிருந்தது. உள்ளே பகலிலும் லைட் போட வேண்டியிருந்தது. மழை ஊறி ஊறிக் கல்லுக்குள் ஏதோ இறங்குகிற சத்தம் கேட்டது. முதலில் எலி என்று நினைத்தார்கள். எலி இல்லை, குவியல்தான் அசைகிறது. சோறு தின்னும்போது கேட்கும், தொழும்போது கேட்கும். சுவரில் கை வைத்தால் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சாய்ந்து நிற்பது போல இருக்கும். நப்லா தன் பாயைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"மாப்பிள வந்து குடியேறிட்டார்," என்றாள் ஜெனூபா ஒருநாள், சிரிக்காமல். "பெரிய மாப்பிள. இனி இவர் எழும்பிப் போகமாட்டார்."

மழையில் குவியல் ஒரு சாண் தாழ்ந்தது. அலகு அதைத் தன் முதலாவது குறைப்பாக அறிவித்தது. பணிப்பாளர் வந்து கோட்டுக்குக் கீழே தெரிந்த ஒரு சாண் சுவரைத் தொட்டுக்கொண்டு படம் எடுத்தார். தாழ்ந்த கல் எங்கே போயிற்று என்று எவரும் கேட்கவில்லை. அது வடிகானுக்குள் போய் அடைத்துக்கொண்டது. தெருத் தண்ணீர் முழுவதும் திரும்பிக் கனகரெத்தினத்தின் பள்ளத்துக்குள் இறங்கியது. இராசாத்தி அடுப்பைத் தூக்கினாள், பிறகு கட்டிலைத் தூக்கினாள். கடைசியில் இரண்டு பேரும் வினாயகபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். போகும்போது கனகரெத்தினம் வேலியருகில் நின்றார்.

"கல்லு முந்தியே வந்திருந்தா இவ்வளவு தண்ணி ஏறியிருக்காது தம்பி. உங்களக் குறை சொல்லல்ல. உங்களுக்குத்தான் பாரம் கூட."

அவர் குறை சொல்லியிருந்தால் தேவலை என்று ஜவுபருக்குப் பட்டது.

மழை சற்று விட்டபோது அர்ஹமின் தாய் ஸம்றா வீடு பார்க்க வந்தாள். குடையோடு தெருவில் நின்று குவியலைப் பார்த்தாள். "வீடு எங்க?" என்று கேட்டாள்.

"உள்ளுக்குத்தான் இரிக்கி," என்றார் ஜவுபர்.

அவள் மரியாதை தெரிந்தவள். சத்தம் போடவில்லை. குசினிக்குள் வந்து இருந்தாள், தேத்தண்ணி குடித்தாள், நப்லாவின் தலையைத் தடவினாள். எழும்பும்போது சொன்னாள். "எங்கட மகனுக்கு உங்கட புள்ளய நல்ல விருப்பம். நாங்க ஒண்டும் சொல்லல்ல. ஆனா அவன் வந்து எங்க இரிக்கிற? நோன்புக்கு முதல் ஒரு வழி பாருங்க. இல்லாட்டி மறுகா நாங்களும் வேற இடம் பாக்க வேண்டி வரும்."

அடுத்த காலை ஜவுபர் அலகின் மாடிக் கட்டடத்துக்குப் போனார். சுவர் முழுக்க அவருடைய குவியலின் படங்கள். விடியலில் எடுத்தது, மேலிருந்து எடுத்தது, பணிப்பாளர் தடவிக்கொண்டு நிற்பது. நிக்காஹ் முடிந்த வீட்டில் மாட்டுவது போலச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். றிப்தி அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான்.

"காக்கா, உங்கட கஷ்டம் எனக்கு விளங்குது. ஆனா கழிவ வளவுக்கு வெளியில கொண்டுபோகேலா. சட்டம்."

"அப்ப என்ட புள்ளட கதி?"

றிப்தி குரலைத் தாழ்த்தினான். "கழிவ மாத்தேலா. ஆனா மாதிரி வளவ மாத்தலாம். மாதிரி வளவு எங்கயோ, கழிவும் அங்கதான் இரிக்கணும். அதுக்கும் சட்டம் இரிக்கி. நீங்க ஒரு வளவு காட்டுங்க."

"நான் எப்படிக் காட்டுற?"

"உடைக்கிற வீடு எங்க எண்டு எங்களுக்குத் தெரியாது. சனம் எங்களக் கண்டா சுத்தியல ஒளிக்குது. உங்களுக்குத் தெரியும். அக்கம்பக்கத்தில ஆராச்சும் ஒரு சுவர உடைக்கிறாங்களா? ஒரு சுவர் போதும்."

றிப்தி மேசையில் கிடந்த நாடா உருண்டையைச் சுழற்றிக்கொண்டே சொன்னான். "இதுக்கு முதல் நான் இருந்த ஊர்ல எங்கட வாப்பாட வளவுதான் மாதிரி வளவு. வேற ஒருத்தரக் காட்டின பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்திச்சு. அந்தத் திறமையப் பாத்துத்தான் எனக்கு இந்த வேலையும் தந்தாங்க." சொல்லிவிட்டு அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

வீட்டுக்கு வருகிற வழியில் பின்வளவில் சத்தம் கேட்டது. தண்ணீர் வற்றி, கனகரெத்தினமும் இராசாத்தியும் திரும்பி வந்திருந்தார்கள். ஊறிப்போன பின்சுவரைக் கனகரெத்தினம் அலவாங்கால் தட்டி இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு சுவர்தான். ஜவுபரைக் கண்டு கையை அசைத்தார்.

அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு ஜவுபர் குசினிக்குள் எல்லாவற்றையும் சொன்னார். ஜெனூபா அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். பிறகு சொன்னாள்.

"அவருக்குச் சொன்ன கல்லுதானே. அவருக்கிட்டத்தானே போகுது."

"அவர் கேட்டது ஒரு வீட்டுக் கல்லு."

"கூடக் குடுத்தா என்ன குறையா?"

சுவருக்கு அப்பால் குவியல் ஒருமுறை அசைந்தது. நப்லா சொன்னாள். "வாப்பா, அவங்கட ஜன்னல் எங்கட ஜன்னலவிடத் தாழ்வு."

ஜவுபர் மகளைப் பார்க்காமல் பாயை விரித்தார். காலையில் கடைக்குப் போகிற வழியில் மாடிக் கட்டடத்தில் ஏறி இறங்கினார்.

அலகு என்னவெல்லாம் சுணக்கியதோ, இதைச் சுணக்கவில்லை. கல்லை அள்ளுகிற பெக்கோ வந்தது, டிராக்டர்கள் வரிசையில் வந்தன. அத்திவாரம் ஒரு மூலையில் தலை காட்டியது. அஸ்பாக்குக்குச் சொல்லியனுப்பினார்கள். ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. பழைய மாதிரி வளவுக்காரர் புதிய மாதிரி வளவுக்காரருக்குக் கழிவை நேரில் கையளிக்க வேண்டும், அங்கி போட்டுக்கொண்டு. ஜவுபர் மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு முதல் டிராக்டருக்கு முன்னால் நடந்தார்.

கனகரெத்தினம் வேலியைத் தானே பிரித்து வழி விட்டார். "இராசாத்தி, கல்லு வந்திட்டு," என்று உள்ளே பார்த்துச் சொன்னார். பிறகு வந்து ஜவுபரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கை மண்ணாக இருந்தது.

"எவ்வளவு பிந்தினாலும் சொன்ன சொல்ல மறக்கல்ல நீங்க. இந்தக் காலத்தில ஆரு தம்பி இப்பிடி? எங்கட நப்லாட நிக்காஹ்வுக்கு நானே மீன் கொண்டுவாறன்."

ஜவுபர் கையை உருவிக்கொள்ளத் தெரியாமல் நின்றார். முதல் பெட்டி கொட்டியது. கனகரெத்தினம் மண்வெட்டியால் சமப்படுத்தினார். அடுத்ததையும் சமப்படுத்தினார். முற்றம் நிமிர்ந்து வந்தது. இராசாத்தி வெறுங்காலால் அதில் நடந்து பார்த்துச் சிரித்தாள். பெட்டிகள் வந்துகொண்டேயிருந்தன. கனகரெத்தினம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சாரதியிடம் சொன்னார். "போதும் தம்பி. இனி வாசல் மறைக்கும்."

"எனக்குக் கோடுதான் கணக்கு ஐயா," என்றான் சாரதி, எஞ்சினை நிறுத்தாமல்.

றிப்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். கையில் சிவப்புப் பெயின்ட் தகரப் பேணி. இரண்டு பேர் வேலிக் கட்டையில் நாடாவைக் கட்டத் தொடங்கினார்கள். இராசாத்தி சிரிப்பை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு மேலே போய்க்கொண்டிருந்த தூரிகையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, தெரிந்த முகம் என்று ஜவுபரிடம் திரும்பினாள்.

"தம்பி, என்னத்துக்கு இவங்க கூரைக்குக் கிட்டக் கோடு போடுறாங்க?"

ஜவுபர் அங்கியின் பொத்தானைப் பூட்டினார்.

"ஒண்டுமில்ல அக்கா," என்றார். "சும்மா ஒரு அடையாளத்துக்கு."